அடக்க ஆராதனையில் கேட்ட சிரிப்பு

என் அப்பாவின் அடக்க ஆராதனையில் ஒரு பெண் சிரித்தாள்.

உரத்த சிரிப்பு இல்லை. வாயைப் பொத்துவதற்குள் மூக்கு வழியாகத் தப்பி வந்துவிட்ட சின்னச் சத்தம். ஆனால் கோயிலுக்குள் அப்போது மின்விசிறிகளின் முனகலைத் தவிர வேறு ஓசை இல்லை. பெட்டியிலிருந்து ஓடிகோலன் வாசனையும், வெயிலில் வதங்கிய ரோஜா இதழ்களின் வாசனையும் வந்துகொண்டிருந்தன. நான் பீடத்துப் படியில் நின்று, கையில் இரண்டு தாள்களோடு, அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"ஓய்வு பெற்ற பின்னும் மாதந்தோறும் ஆற்றங்கரைக் கிராமங்களுக்குச் சென்று, சோர்வின்றி ஊழியம் செய்து வந்தார்" என்ற வரியை முடித்தேன். பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. பார்க்காமலே தெரியும். அது என் உடன்பிறந்த அக்காள் எப்சிபா.

அதற்குச் சற்று முன்னால்தான், அதே தாளிலிருந்து, "அன்னாரின் ஒரே பிள்ளை தேவதாசன்" என்று வாசித்திருந்தேன்.

இந்தப் பத்திரிகையில் நான் வாரந்தோறும் எழுதும் தொடரைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறவர்கள் இந்த இடத்தில் நிற்கக்கூடும். என் இளம்பருவத்தைப் பற்றிய அத்தியாயத்தில், வீட்டுக்கு ஒரே பிள்ளையாக வளர்ந்தேன் என்று உங்களுக்கும் எழுதியிருந்தேன். கோயிலில் வாசித்தது பொய். இங்கே எழுதியதும் பொய். இரண்டுக்கும் நடுவே நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளி இருக்கிறது. அத்தனை காலத்திலும் நான் திருந்தவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

குறிப்பு எழுதுகிறவன்

பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் ஒருவர் இறந்துபோனால், அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கும் வழக்கம் உண்டு. யாருக்குப் பிறந்தார், எங்கே ஞானஸ்நானம் பெற்றார், என்ன வேலை பார்த்தார், யாரை மணந்தார், பிள்ளைகள் எத்தனை பேர், கடைசி நாட்களில் என்ன சொன்னார். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். பெட்டி காத்துக்கொண்டிருக்கும், வெயிலும் ஏறிக்கொண்டிருக்கும்.

சாவு வீட்டில் இதை எழுத யாருக்கும் கை ஓடாது. அதனால் தமிழாசிரியரைத் தேடி வருவார்கள். நான் மிஷன் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர், பிறகு தலைமையாசிரியர். எங்கள் சபைச் செயலாளராகவும் பல காலம் இருந்தேன். ஆகவே இறந்தவர்களெல்லாம் என் மேசை வழியாகத்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள்.

சில சொற்களைத் தயாராக வைத்திருந்தேன். கோபக்காரரை "நீதிக்காக வைராக்கியம் உள்ளவர்" என்பேன். யாரோடும் பேசாதவரை "தனிமையில் ஜெபிப்பவர்" என்பேன். எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி "சமாதானப் பிரியர்" என்ற ஒன்று இருந்தது.

ஒருமுறை அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். இரும்புக்கடை அண்ணாச்சி ஒருவர் இறந்துவிட்டார். அவர் மனைவிக்கு நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"யாரு சார் அது, சமாதானப் பிரியரு?"

"அண்ணாச்சிதாம்மா."

"எங்க வீட்டு மனுஷனா? அடுத்த வீட்டுப் பூனை வருதுன்னு மதிலு மேல கண்ணாடிச் சில்லு பதிச்சவராக்கும் அவரு."

"அப்ப அத எடுத்துறட்டுமா?"

"இருக்கட்டும் சார், ஊரோட ஒத்துப் போகட்டும். ஆனா ஒரு வரியாவது நெசமாப் போடுங்க. ரயில்ல போனா சன்னல் சீட்ட எனக்குத்தான் குடுப்பாரு. ஒருநாளும் அவரு உக்காந்ததில்ல. அதப் போடுங்க."

போட்டேன். அடக்கம் முடிந்து வெளியே வந்தவர்கள் என்னுடைய அலங்காரங்கள் ஒன்றையும் பேசவில்லை. "சன்னல் சீட்டு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

மாறாக, ஓய்வு பெற்ற பிறகு என் குறிப்பை நானே எழுதி வைத்தேன். என் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். அவர்கள் தமிழ் எழுதுகிற லட்சணம் எனக்குத் தெரியும். பிழையோடு வாசிக்கப்பட்டு மண்ணுக்குள் போவதற்கு எனக்கு மனம் இல்லை. உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் வைத்தேன். வருடத்துக்கு ஒருமுறை பிரித்து, ஒரு சொல்லை மாற்றி, மறுபடி வேறு உறையில் போடுவேன். அதில் ஒரு வரி: "உற்றார் உறவினர் அனைவரோடும் சமாதானமாய் வாழ்ந்தார்."

எப்சி அக்கா

எப்சிபா அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். அப்பா உபதேசியார். அதாவது, ஐயர் என்று நாங்கள் சொல்லும் போதகர் வர முடியாத சிறு சபைகளுக்கு நடந்தும் சைக்கிளிலும் போய் ஆராதனை நடத்துகிறவர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சேரன்மகாதேவியில் இருந்தபோது ஆறு வீட்டுக்கு மிக அருகே இருந்தது. அக்காதான் என்னை ஆற்றுக்குக் கூட்டிப் போவாள். என் டவுசரின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "அடில, காலை அடி" என்று கத்துவாள். ஒருநாள் அவள் கையை எடுத்ததே எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொடரில் அதை எப்படி எழுதினேன் தெரியுமா? "தாமிரபரணியில் நானாகவே நீச்சல் பழகினேன்."

அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்து, ஸ்ரீவைகுண்டத்தில் மிஷன் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அணைக்கட்டில் சுடலைமுத்து என்று ஒருவர் லஸ்கர் வேலை பார்த்தார். ஆற்றில் வருகிற தண்ணீருக்கு ஏற்ப மதகுகளை ஏற்றி இறக்குகிற வேலை. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மிஷன் பள்ளி வேலை போயிற்று. அக்கா வீட்டிலேயே துணி தைக்க ஆரம்பித்தாள். ஆனால் பைபிளை விடவில்லை; அவர் திருநீற்றை விடவில்லை. ஒரே அலமாரியில் மேல்தட்டும் கீழ்த்தட்டுமாக இரண்டும் இருந்தன என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அம்மா இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அப்பா கதவைத் திறக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன்.

"அவ இந்தப் படி ஏறினா நான் எறங்கிருவேன்" என்றேன்.

அப்பா என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார். கதவுத் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். அக்கா பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விசுவாசத்தைக் காக்கவே அப்படிச் செய்தேன் என்று வெகு காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. பின்னால் அப்பா இறந்த சமயத்தில் தலைமையாசிரியர் பதவி எனக்கா இன்னொருவருக்கா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தீர்மானிக்கிறவர்கள் அன்றைக்குக் கோயிலில் இரண்டாவது பெஞ்சில் இருந்தார்கள். "ஒரே பிள்ளை" என்று அவர்களுக்குக் கேட்கவே வாசித்தேன். அவர்களுக்கும் என் அக்காளைத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டினார்கள். பதவி எனக்கே வந்தது.

அடக்கத்தில் அவள் சிரித்தது எனக்கு ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று. பெற்ற தகப்பன் பெட்டியில் கிடக்கும்போது சிரித்தவள், அவளோடு என்ன உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. பெட்டியை மூடும் முன் அவள் வந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் போனாள். வெளியே புங்கமரத்தடியில் சுடலைமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். அவரும் வந்து மண் போடவில்லை. போடச் சொல்லி நான் அழைக்கவில்லை.

அதன்பின் ஒரே ஒருமுறை அவளைப் பார்த்தேன். பாளை பஸ் நிலையத்தில், எதிர்ப்பக்கம் பையோடு நின்றாள். நான் சர்பத் கடைப் பக்கம் திரும்பி, விலைப்பலகையை மேலிருந்து கீழாக வாசித்தேன். பிறகு கீழிருந்து மேலாக வாசித்தேன். அவள் பஸ் போன பிறகுதான் திரும்பினேன்.

செல்வியின் அழைப்பு

சில வாரங்களுக்கு முன், காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"சார், ஸ்ரீவைகுண்டத்துல இருந்து செல்வி பேசுதேன். உங்க நம்பர பத்திரிகையில கேட்டு வாங்கினேன். நீங்க எழுதுத தொடர எங்க அத்தைக்கு நான்தான் வாசிச்சுக் காட்டுதேன். அவகளுக்குக் கண்ணு தெரியல."

வாசகர்கள் இப்படிப் பேசுவது உண்டு. "சந்தோஷம்மா" என்றேன். "அவங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு சார். ஒவ்வொரு வாரமும் வாசிச்சு முடிச்சதும், 'இந்த வாரமும் நான் வரலையா?'ன்னு கேப்பாவ. சிரிச்சிக்கிட்டேதான் கேப்பாவ. ஆனா போன வாரம் நீங்க ஒரே பிள்ளைன்னு எழுதியிருந்தீகள்லா? அத வாசிச்சப்புறம் கேக்கவே இல்ல. அதான் சார் போன் பண்ணினேன். அவகளுக்குத் தெரியாது."

"உங்க அத்தை பேரு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

காப்பி ஆறி மேலே ஆடை படிந்தது. என் மனைவி லில்லி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு?" என்றாள். "தப்பு நம்பர்" என்றேன். எண்பது வயதில், வேளைக்கு நான்கு மாத்திரை விழுங்குகிற நிலையில், ஒரு நாளைக்கு எத்தனை பொய்.

நாலைந்து நாள் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. இந்த வாரமும் நான் வரலையா? கோயிலில் ஒருமுறை அவள் பெயரை நீக்கினேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் நீக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் ஒவ்வொரு வாரமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

வாய்க்கால் ஓரத்து வீடு

ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறினேன். பையில் என் வாழ்க்கைக் குறிப்பு உறையும் இருந்தது. அவள் பெயரை அதில் சேர்க்கலாமா என்று கேட்பதாகத் திட்டம். மன்னிப்புக் கேட்கப் போகும்போதும் கையில் ஒரு தாள் இல்லாமல் எனக்குப் போகத் தெரியவில்லை.

செல்வி வாய்க்கால் பாலத்தில் வந்து நின்றாள். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். அவள் கணவன், அதாவது அக்காவின் மகன், தூத்துக்குடியில் வேலைக்குப் போயிருந்தான். சுடலைமுத்து காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டைச் சுற்றி வாழை. குலை தள்ளிய மரங்களுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அக்கா முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். கூந்தல் முழுக்கப் பஞ்சு. கண்கள் திறந்திருந்தன, என் பக்கம் இல்லை.

"யாரு செல்வி?"

செல்வி வாயைத் திறப்பதற்குள் நான் செருமினேன்.

"அப்பா மாதிரியே செருமுதான்" என்றாள் அக்கா. "ஏலே தாசா, சர்பத் கடையில விலையெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டியா?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அன்று அவள் பார்த்திருக்கிறாள்.

"உக்காருல. நின்னா கால் வீங்கும். உனக்கும் சுகர் இருக்கும்லா? நம்ம வீட்டு வாகு. லில்லி எப்படி இருக்கா? முந்திரிக்கொத்து இன்னும் சுத்துதாளா, பல்லு போனதும் விட்டுட்டாளா?"

முந்திரிக்கொத்து எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரம். ஆனால் லில்லி எங்கள் வீட்டுக்கு வந்தது அக்கா போன பிறகு. இருவரும் பேசியதே இல்லை. ஏதோ ஊகத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவ உள்ளே போனேன்; கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள். ஒன்று சுடலைமுத்து, சந்தனப் பொட்டோடு. மற்றது அப்பா. ஸ்டூடியோவில் எடுத்தது. மடியில் ஒரு கைக்குழந்தை. அப்பா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல் ஒன்று இல்லாதது அப்படியே தெரிந்தது. என் வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் அப்பா சிரிக்கவில்லை. அப்பா சிரித்து ஒரு படம் இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது.

நான் படத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றுவிட்டேன் போலும்.

முற்றத்துக்குத் திரும்பி வந்து, "எக்கா" என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் வாயில் வருவதற்குச் சிரமப்பட்டது. "அன்னைக்கு அடக்கத்துல ஏன் சிரிச்ச?"

அந்த ஒரு வரி

அது நினைவுக்கு வந்ததும் அக்கா இப்போதும் சிரித்தாள். அதே சிரிப்பு, மூக்கு வழியாக.

"ஏலே, நீ வாசிச்சே பாத்தியா? மாசந்தோறும் ஆத்தங்கரைக் கிராமத்துக்குப் போயி ஊழியம் செஞ்சாருன்னு? அந்தக் கிராமம் இந்த வீடுதாம்ல. அந்த ஊழியம் நான்தான்."

அவளே தொடர்ந்தாள்: "ரெண்டு தாள்லயும் தேடித் தேடி என் பேர உருவிப் போட்டுட்ட. கடைசியில நான் இருக்குத ஒரே வரிய உன் வாயாலயே, அதுவும் ராகம் போட்டு வாசிக்க! சோர்வின்றியாம்! மனுஷன் வந்ததும் பேரனத் தூக்கி வச்சிக்கிடுவாரு, சாப்பிடுவாரு, அங்கன வாழை நெழல்ல துண்ட விரிச்சுத் தூங்கிருவாரு. நாலு மணி பஸ்ஸுக்கு நான் ரெண்டு தடவ எழுப்பணும். சிரிப்பு வராம என்ன செய்யும்? அழுதுக்கிட்டேதாம்ல சிரிச்சேன்."

மாதத்தின் முதல் சனிக்கிழமை. அப்பா வேட்டியை மாற்றி, பைபிளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார். பொழுது சாய வரும்போது கையில் ஒரு சீப்பு கோழிக்கூடு வாழைப்பழம் இருக்கும். "யாருப்பா குடுத்தா?" என்று கேட்டால், "சபையார் குடுத்தாவ" என்பார். என் பிள்ளைகள் அதைப் போட்டி போட்டுத் தின்பார்கள். நானும் தின்றிருக்கிறேன். அன்று படியில் வைத்துவிட்டுப் போன அதே பழத்தை, அவள் பதினைந்து வருடம் எங்கள் வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பா எங்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா சேலை முந்தியை விரலில் சுற்றினாள்.

"உனக்குப் பயந்துதான்."

வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. செல்வி வாழை இலை நறுக்கப் போவதுபோல் பாவனை செய்துகொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டாள்.

வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் அன்பைப் பற்றிப் பேசிய மனிதர், தன் மகளைப் பார்க்க, தன் மகனுக்குப் பயந்து, ஊழியத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவரைப் பொய் சொல்ல வைத்தவன் நான். குறிப்பில் நான் அவருக்குக் கொடுத்த பெரிய பட்டம், "விசுவாசத்தில் விட்டுக்கொடாதவர்." அது அவரைப் பற்றியதே அல்ல. எனக்கு நானே சூட்டிக்கொண்டது.

"எக்கா, என்னை மன்னிச்சிரு" என்றேன். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் நீளமானது. வந்தது இவ்வளவுதான்.

"அது எப்பமோ முடிஞ்சிட்டுல. இல்லன்னா தினமும் முழங்கால்ல நின்னு என்னத்தச் சொல்லி ஜெபம் பண்ணியிருப்பேன்? எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ள காரியம் அது. ஆனா நீ செய்ய வேண்டியத நான் செய்ய முடியாது பாத்துக்க."

"கோயில்ல எந்திரிச்சுச் சொல்லுதேன்."

"யாருகிட்ட? அன்னைக்கி அதக் கேட்டவங்க எல்லாம் கல்லறைத் தோட்டத்துல கெடக்காவ. நீயே குறிப்பு எழுதிக் கொண்டுபோயி விட்டுட்டு வந்திருக்க. உயிரோட இருக்குதவங்களுக்குச் சொல்லு. பத்திரிகையில ஒரே பிள்ளைன்னு எழுதினியே, அங்கன எழுது."

அப்போதும் நான் தயங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சபையில் இந்தப் பத்திரிகை வாங்காத வீடு குறைவு. என் பழைய மாணவர்கள் படிக்கிறார்கள். என் பிள்ளைகளுக்கே அத்தை ஒருத்தி இருப்பது தெரியாது.

தயக்கத்தை மாற்ற, பையிலிருந்து உறையை எடுத்தேன். "இதுல உன் பேரச் சேக்கலாமான்னு…"

"என்ன அது?"

சொன்னேன். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "செல்வி, இங்க வா. இந்த மனுஷன் சாகுததுக்கு முந்தியே எழுதி வச்சிட்டான். வாசி, வாசி."

செல்வி வாசித்தாள். என் சொற்கள் அந்த முற்றத்தில், வாழைக் காற்றில், எனக்கே விகாரமாகக் கேட்டன. "உற்றார் உறவினர் அனைவரோடும் சமாதானமாய் வாழ்ந்தார்" என்ற இடத்தில் செல்வியின் குரல் தாழ்ந்தது.

அக்கா முழுவதையும் கேட்டு முடித்தாள். "நல்ல மனுஷனா இருக்காரே" என்றாள். "யாருல அவரு? ஒருநாளு வீட்டுக்குக் கூட்டிட்டு வா, பாப்போம்."

நான் சிரித்தேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவளோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு என்னால் நிறுத்த முடியாமல் அது வேறாக மாறியது. அவள் கையை நீட்டித் துழாவி, என் சட்டையின் ஓரத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். ஆற்றில் பிடித்த அதே பிடி.

"இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று உறையை வாங்கி மடியில் வைத்தாள். "நீ முந்தினா நான் சொல்லச் சொல்ல செல்வி புதுசா எழுதுவா. நான் முந்தினா நீ வந்து எழுது. இப்பம் போயி, இருக்குத நாளுல எழுதுத மாதிரி ஏதாச்சும் செய்யி."

கிளம்பும்போது செல்வி ஒரு சீப்பு பழத்தைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். பாலம் வரை வந்தாள்.

"பைய போங்க, சித்தப்பா" என்றாள்.

வரும்போது சார் என்றவள்.

லில்லி சொன்னது

வீட்டுக்கு வந்து பழத்தை மேசையில் வைத்தேன். லில்லி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எப்சி மதினி எப்படி இருக்காவ?" என்று கேட்டாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா சட்டையத் தோய்க்கப் போட்டா பையில ஸ்ரீவைகுண்டம் டிக்கெட் இருக்கும். முதல் மாசமே தெரியும். கிறிஸ்துமஸ் சமயத்துல முந்திரிக்கொத்து கட்டிக் குடுப்பேன். மதினி எனக்கு ரெண்டு ஜம்பர் தச்சுக் குடுத்து விட்டாவ. அளவு பாக்காமலே சரியா இருந்துது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா மாமாவ விட்டிருப்பீகளா?"

வைத்த குழம்பைச் சூடு பண்ண அவள் எழுந்து போனாள். என் வீட்டில் நான் ஒருவன்தான் தனியாக இருந்திருக்கிறேன். மற்ற எல்லோரும் என்னை மறைத்து ஒருவரை ஒருவர் நேசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எப்படி நினைக்கப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ, அதை எழுதுவதில் வருடங்களைச் செலவழித்தேன். அப்படி வாழ்வதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் அன்று குறுக்கே நிற்காமல் ஓர் எட்டு விலகி நின்றிருந்தால் போதும். கடவுள் என்னிடம் எதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளைக் கேட்க மாட்டார் என்று மட்டும் இப்போது நம்புகிறேன்.

பிள்ளைகளுக்குப் போன் செய்து அத்தையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அப்பாவின் நினைவு நாள் வருகிறது. அன்று கோயிலில் வாசிக்க ஐயரிடம் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பிள்ளைகள் எப்சிபா, தேவதாசன்" என்று, மூத்தவள் பெயர் முன்னால். மாதத்தின் முதல் சனிக்கிழமை நானும் லில்லியும் ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் போகிறோம். யாராவது கேட்டால் எங்கே போகிறோம் என்று சொல்கிறோம்.

அடக்க ஆராதனையில் நான் வாசித்த குறிப்பைத் திருத்தி இங்கே எழுதுகிறேன்:

என் அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் எப்சிபா. அவளுடைய தம்பி நான். எனக்கு நீந்தச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அப்பா ஓய்வு பெற்ற பின் மாதந்தோறும் ஸ்ரீவைகுண்டத்துக்குத் தம் மகளையும் மருமகனையும் பேரனையும் பார்க்கப் போனார். அங்கே சாப்பிட்டார், தூங்கினார், சிரித்தார்.

செல்வி, இந்த வாரத்தை அத்தைக்குப் பைய வாசி. நடுவில் அவளுக்குச் சிரிப்பு வரும். அப்போது வாசிப்பதை நிறுத்து. அவள் சிரித்து முடிக்கட்டும்.